வாய்க்குள்ள போட்ட தையல் பிரிஞ்சு போச்சு, இப்போ என்ன செய்ய?

களக்காட்டான், 16.01.2025, காலை 7.10

திங்கட்கிழமை வலது பக்கம் கீழ் ஞானப்பல்லை எடுத்தார்கள். படுக்கை வாட்டில் கிடந்த பல். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டு துண்டாக்கி எடுத்து, மூன்று தையல் போட்டு அனுப்பினார்கள். நேற்று மாட்டுப் பொங்கல். வீட்டில் பனங்கிழங்கு அவித்திருந்தார்கள், வாய் சும்மா இருக்கவில்லை. இடது பக்கமாகத்தான் மென்றேன். ராத்திரி நாக்கில் ஏதோ தட்டுகிறதே என்று கண்ணாடியில் பார்த்தால் கறுப்பு நூல் ஒன்று தொங்குகிறது, பக்கத்தில் ஈறு லேசாகத் திறந்தாற்போல இருக்கிறது. எச்சில் உப்புக் கரிக்கிறது, ஆனால் ரத்தம் ஒழுகவில்லை. டாக்டர் பொங்கலுக்குச் சொந்த ஊர் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. அம்மா மஞ்சள்பொடி அப்பச் சொல்கிறாள். நூலை வெட்டவா, இழுக்கவா, அப்படியே விடவா? பட்டறிந்த அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

அம்பை தையல்கடை, 16.01.2025, காலை 7.35

இழுக்காதே தம்பி. முதலில் விரலை வாயிலிருந்து எடு. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, இட்லி எடுத்து வைத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

காலை 8.50

வந்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. அம்பாசமுத்திரத்தில் தையல்கடை வைத்திருப்பவன். 2019 ஆவணி முகூர்த்த நேரத்தில் இதே கீழ் ஞானப்பல்லை எடுத்து, இதே மாதிரி மூன்றாம் நாள் தையல் பிரிந்து அல்லாடியவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ரத்தம் ஒழுகவில்லை என்கிறாய். அப்படியானால் பதற வேண்டாம். எச்சில் ரோஸ் நிறத்தில் வருவது ஒரு சொட்டு ரத்தம் ஒரு வாய் எச்சிலில் கலந்ததால்தான். வாய் நிறையச் சிவப்பாக வந்தால் மட்டும் மருந்துக்கடையில் காஸ் துணி வாங்கி, நனைத்துப் பிழிந்து, தடிமனாக மடித்து அந்தக் குழி மேல் வைத்துக் கடி. அரை மணி நேரம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்க்கப் பார்க்கத்தான் ஒழுகும். பஞ்சு வைக்காதே, இழை ஒட்டிக்கொள்ளும். காஸ் கிடைக்காவிட்டால் டீத்தூள் பையை வெந்நீரில் முக்கி, ஆற வைத்துக் கடிக்கலாம். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு ரத்தத்தைக் கட்டும். இரண்டு தடவை கடித்தும் நிற்கவில்லை என்றால் உன் டாக்டருக்காகக் காத்திருக்காதே. பண்டிகையானாலும் அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு திறந்துதான் இருக்கும்.

துப்பாதே. எச்சிலை விழுங்கு, இல்லாவிட்டால் வாயைச் சாய்த்து வழிய விடு. காறித் துப்பும்போது வாய்க்குள் ஏற்படும் இழுப்பு, குழிக்குள் உறைந்து கிடக்கும் ரத்தக்கட்டியைப் பிடுங்கிவிடும். தையலைவிட அந்தக் கட்டிதான் முக்கியம்.

மஞ்சள் வேண்டாம். அம்மாவிடம் சண்டையும் போடாதே, "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிவிடு. பொடி குழிக்குள் இறங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு. என் அம்மா அப்பிவிட்டாள். பிறகு டாக்டரம்மா உப்புநீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவி, "அண்ணாச்சி, சாம்பார் வச்சிருக்கீங்களா உள்ளே?" என்று கேட்டார்.

என் தையல் பிரிந்தது மிக்சரால். சாயங்காலம் கடையில் டீயோடு ஒரு கை அள்ளிப் போட்டேன், ஓமப்பொடி குத்தி நூல் கழன்றுவிட்டது. உனக்குப் பனங்கிழங்கு நார். எல்லாம் ஒன்றுதான்.

குழியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் சீழ் என்று அர்த்தம், உடனே ஓடு.

மதியம் 2.15

சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை, இந்தத் தையல் விஷயமே மனதில் ஓடுகிறது.

மூன்று தையலில் ஒன்று போனால் மற்றதும் வரிசையாகப் பிரிந்துவிடும் என்று நினைக்கிறாயோ என்னவோ. நான் அப்படித்தான் பயந்தேன். அரிசிச் சாக்கு வாயில் போடுகிற சங்கிலித் தையல் அப்படி. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று முழுச் சாக்கும் வாயைப் பிளந்துவிடும். வாய்க்குள் பெரும்பாலும் அப்படித் தைப்பதில்லை. ஒரு குத்து, ஒரு முடிச்சு, வெட்டு. அடுத்தது தனி. பட்டன் வைக்கிற மாதிரி. ஒரு பட்டன் தெறித்தால் சட்டை கழன்று விழாது அல்லவா? உன் வாயில் இன்னும் இரண்டு பட்டன் இருக்கிறது.

கறுப்பு நூல் என்றால் அநேகமாகப் பட்டு நூல். தானாகக் கரையாது, ஒரு வாரம் வாக்கில் எடுக்க வேண்டும். கரையும் நூல் ஊதா நிறத்திலோ வெளிறிப் போயோ இருக்கும். உன் சீட்டில் "தையல் பிரிக்க வரவும்" என்று தேதி போட்டிருக்கிறதா என்று பார்.

போன நூல் வயிற்றுக்குள் போய்விடுமோ என்று கேட்பாய். போனால் போகட்டும், காலையில் வெளியே வந்துவிடும். நான் பல் இடுக்கில் கடித்து அறுத்த நூல் இதுவரைக்கும் எத்தனை கண்டு உள்ளே போயிருக்குமோ!

அந்தக் காலத்தில் எறும்பை வைத்தே தைத்திருக்கிறார்கள் தெரியுமா. சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. குடல் கிழிந்தால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பெரிய கறுத்த எறும்பைக் கடிக்க விட்டு, உடம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் விட்டுவிடுவார்களாம். காஜா எடுக்கிற எறும்பு. என் கடைக்கு அப்படி ரெண்டு கிடைத்தால் தேவலை, காஜா பையன் பொங்கலுக்குப் போனவன் எப்போது திரும்புவான் என்று தெரியவில்லை.

இரவு 10.05

ஒரு திருத்தம். வீட்டம்மா இதையெல்லாம் வாசித்துவிட்டு, "மிக்சரா? கல்லிடைக்குறிச்சி அப்பளம்லா. நான் பொரிச்சு வச்சதைத் திருடித் தின்னுட்டு மிக்சர் மேல பழி போடுதீங்க" என்கிறாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. அப்பளம்தான். மிக்சர் அதற்கு முந்தின நாள்.

சாப்பாட்டைப் பற்றிப் பாவூர்சத்திரத்து அக்கா கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் ஆறின கஞ்சி, மோர், இளநீர். சூடு கூடாது, சூடு பட்டால் ரத்தம் மறுபடி கசியும். அதற்கப்புறம் நம் ஊர்க்காரனுக்குக் கவலையே இல்லை, சொதி இருக்கிறது. கல்யாணத்து மறுநாள் வைக்கிற அதே சொதி. தேங்காய்ப்பால் மூன்றாம் பால், இரண்டாம் பாலில் காயை வேக விட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவது. காயை எடுத்து மற்றவர்களுக்கு வைத்துவிட்டுச் சாற்றை மட்டும் குழைந்த சோற்றில் ஊற்றி, வெதுவெதுப்பாக. இஞ்சிப் பச்சடியை மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய் கிட்டவே போகாதீர்கள், அதன் சக்கை பனங்கிழங்கு நாருக்குப் பெரியண்ணன்.

அல்வா? எத்தனை பேர் இதையே கேட்பீர்கள்! நல்ல திருநெல்வேலி அல்வா தொண்டையில் தானாக வழுக்கும், பல்லுக்கு வேலையே இல்லை. ஆனால் சீனி குழியில் போய் உட்காரும். நாலைந்து நாள் பொறுத்தால் அல்வா ஒன்றும் ஊரைவிட்டு ஓடிவிடாது.

17.01.2025, காலை 6.30

இன்னொரு திருத்தம், இது விளையாட்டில்லை. வெள்ளையாகத் தெரிந்தால் சீழ் என்று நேற்று எழுதினேன் அல்லவா, அது தப்பு. நர்ஸாக இருக்கும் ஒரு தங்கச்சி எனக்குத் தனியாக எழுதிக் கண்டித்திருக்கிறாள். குழி ஆறும்போது மேலே வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் படிவது வழக்கம்தானாம். முழங்காலில் சிராய்ப்பு ஆறும்போது பொருக்குத் தட்டுகிறதே, ஈரமான இடத்தில் அதுவே இப்படி இருக்கும். அதைச் சீழ் என்று நினைத்துப் பல்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டாம். சுரண்டாதீர்கள். என் பேச்சைக் கேட்டு யாரும் சுரண்டியிருந்தால் மன்னிக்கவும்.

சீழ் என்றால் வேறு அடையாளம் இருக்கும். காய்ச்சல், குறைய வேண்டிய வீக்கம் நாலாம் நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போவது, அமுக்கினால் கெட்ட ருசியோடு ஏதாவது வருவது. வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் அப்போது பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும்.

சாதாரண வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், அதுவும் அவள் சொன்னதுதான். மூன்றாம் நாள் என் கன்னத்தைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர், "என்னவே, ஒரு பக்கம் கொழுக்கட்டையை ஒதுக்கி வச்சிருக்கீரு?" என்றார்.

பகல் 11.20

தங்கச்சி சொன்ன இன்னொன்றை விட்டுவிட்டேன். தையல் பிரிவது ஒரு சங்கதி, குழி காய்ந்து போவது வேறு சங்கதி. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறேன். குழிக்குள் இருக்கும் ரத்தக்கட்டி கரைந்தோ கழன்றோ போனால் அடியில் எலும்பு வெறுமனே தெரியும். அதில் காற்றும் தண்ணீரும் படும்போது வரும் வலி இருக்கிறதே, காதுக்குப் போகும், பொட்டுக்குப் போகும், மாத்திரைக்கு அடங்காது. வாயும் நாறும். பல் எடுத்த இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் வருவதுதான் வழக்கம். முதல் நாளைவிட மூன்றாம் நாள் வலி குறைய வேண்டும். குறைந்து வந்த வலி திடீரென்று ஏறினால் அதுதான். பீடி சிகரெட் குடிப்பவர்களுக்கு அதிகம் வரும். கீழ் ஞானப்பல்லில்தான் மற்றப் பல்லைவிட அதிகம்.

எனக்கு நாலாம் நாள் வந்தது. காதுக்குள் யாரோ ஊசியைப் போட்டுக் காஜா எடுத்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா குழியைக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கும் ஒரு மருந்துத் துணியைத் திணித்து வைத்தார். கால் மணி நேரத்தில் வலி வடிந்துவிட்டது. வெளியே வந்து பெஞ்சிலேயே தூங்கிவிட்டேன், இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கி இருந்தது.

அதற்காக வீட்டில் கிராம்பு எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் குழிக்குள் ஊற்றாதீர்கள். அது வேறு அளவு, வேறு பக்குவம். சதை வெந்துவிடும்.

18.01.2025, காலை 9.00

களக்காட்டுத் தம்பி, என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம்.

களக்காட்டான், 18.01.2025, மாலை 6.45

போயிட்டு வந்தேன் அண்ணாச்சி. டாக்டர் இன்றைக்குத்தான் வந்தார். தொங்கின நூலைக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு, கழுவிவிட்டு, "மற்ற ரெண்டும் நல்லா இருக்கு, திங்கட்கிழமை வா" என்று அனுப்பிவிட்டார். திறந்த இடத்தில் மறுபடி தைக்கவே இல்லை. கேட்டதற்கு "தேவையில்லை" என்று ஒரே வார்த்தை. இது சரிதானா? தையல்காரர் நீங்கள், சொல்லுங்கள்.

அம்பை தையல்கடை, 18.01.2025, இரவு 9.30

சரிதான். நானும் இதே கேள்வியைக் கேட்டேன், எனக்கு ஒரு வார்த்தைக்குப் பதில் ஒரு பிரசங்கமே கிடைத்தது.

நைந்த துணியில் ஓரம் அடித்துப் பார்த்திருக்கிறாயா? பழைய மல் வேட்டி கிழிந்தது என்று கொண்டு வருவார்கள். கிழிசலுக்கு ஓரத்தில் ஊசி போட்டால் ஊசி போன இடமெல்லாம் புதிதாகக் கிழியும். மூன்றாம் நாள் ஈறு அப்படித்தான் இருக்குமாம், வீங்கி, ஊறி, பொதபொதவென்று. அதில் குத்தினால் நூல் நிற்காது, புண்தான் பெரிதாகும். அதனால் திறந்தே விட்டுவிடுகிறார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து வந்து தானாக மூடிக்கொள்ளும், கொஞ்சம் நாள் கூட எடுக்கும், அவ்வளவுதான். ஈறு மூட மூன்று நாலு வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்புவதற்கு மாதக்கணக்கு. ரத்தம் நிற்காமல் கொட்டினாலோ, அன்றைக்கே பிரிந்துவிட்டாலோ மறுபடி தைப்பார்கள்.

ஆனால் மூடும்வரை குழி திறந்த பை மாதிரி. சாப்பாடு போய் உட்காரும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் வைத்துத் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்து, வாயைத் திறந்து விழ விட வேண்டும். கலகலவென்று கொப்பளிக்கக் கூடாது. சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும். ஒரு வாரம் போனதும் வளைந்த முனை உள்ள பிளாஸ்டிக் சிரிஞ்சு தந்து, உப்புநீரை மெதுவாகக் குழிக்குள் விடச் சொல்வார்கள். முதல் தடவை அதிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். மூன்று நாளுக்கு முன்னால் சாப்பிட்ட கீரை.

19.01.2025, காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்று அந்தத் தம்பி "தையல்காரர் நீங்கள், சொல்லுங்கள்" என்று எழுதியது உறுத்துகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மிக்சரும் இல்லை, அப்பளமும் இல்லை. அப்பளம் தின்றது நிஜம், ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் இழுத்தேன். கையால்.

வெள்ளிக்கிழமை பல் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கடையில் தனியாக இருந்தேன், ஆவணி மாதத்து ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. நாக்கு சும்மா இருக்குமா, போய்ப் போய் அந்த நூலையே தொட்டது. போட்டுப் பார்க்கிற பெரிய கண்ணாடி முன்னால் போய் நின்று, செல்போன் விளக்கை அடித்து, வாயைப் பிளந்து பார்த்தேன். வாய் இரண்டு விரல்தான் திறந்தது. உள்ளே கறுப்பாக மூன்று முடிச்சு. அதில் நடு முடிச்சின் வால் மட்டும் நீளம், கால் அங்குலத்துக்கு மேல். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முப்பது வருஷமாகப் பிசிறு நூலைக் கண்டால் கை தானாக நூல்வெட்டியை எடுக்கும். எடுத்தேன். வாய்க்குள் அது நுழையவில்லை. சரி, விரலால் பிடித்து லேசாக இழுத்து இறுக்கினால் நாக்கில் தட்டாது என்று நினைத்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். ஒரு சுண்டு.

இந்தத் தொழிலில் முதலில் சொல்லிக் கொடுப்பது, நூல் துணியைவிடக் கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பது. இழுபட்டால் தையல் போகட்டும், துணி தப்பிக்கட்டும். தையலை மறுபடி போட்டுக்கொள்ளலாம், துணியைக் கொண்டுவர முடியுமா? அந்தக் கணக்கில்தான் இழுத்தேன். வாய்க்குள் கணக்கு நேர்மாறு. பட்டு நூல் அறவில்லை. முடிச்சு அவிழவில்லை. ஈறுதான் கிழிந்தது. நூல் வளையம் முழுசாக, முடிச்சோடு, ஒரு துணுக்குச் சதையோடு என் விரலில் இருந்தது. வலி அவ்வளவாக இல்லை, அதுதான் ஆச்சரியம். ரத்தம்தான். மேஜையில் கிடந்த ரவிக்கை ஒன்றில் இரண்டு சொட்டு விழுந்தது, வெந்தய நிறப் பட்டு. ரவிக்கைக்காரம்மாவிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பக்கத்து மருந்துக்கடையில் காஸ் வாங்கி முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நின்றது. திங்கட்கிழமை காலை டாக்டரம்மாவிடம் போய், "அப்பளம் பட்டு பிரிஞ்சுட்டும்மா" என்றேன். அவர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பளத்துக்குக் கை கிடையாதே அண்ணாச்சி" என்றார். அதற்கப்புறம்தான் அந்தப் பிரசங்கம். "துணி தானா ஒட்டாது, அதனால உங்க தையல் கடைசிவரைக்கும் இருக்கணும். சதை தானா ஒட்டும். என் தையல் ஒரு வாரம் பிடிச்சிருந்தா போதும், பிள்ளைக்கு நடை பழகுற வரைக்கும் கையைப் பிடிக்கிற மாதிரி."

காது வலி அன்று ராத்திரியே ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி போய் நின்றேன், கிராம்புத் துணி வைத்தது அன்றைக்குத்தான். எட்டாம் நாள் மற்ற இரண்டு தையலையும் எடுத்தார். மருந்துச் சீட்டு இன்னும் இருக்கிறது, பார்த்துத்தான் எழுதுகிறேன்.

காலை 7.15

வீட்டம்மா இப்போதுதான் வாசித்தாள். அஞ்சு வருஷமாக அப்பளம் பொரித்த பாவத்தைச் சுமந்துகொண்டிருந்தாளாம். இன்றைக்குக் காபி கிடையாது.

21.01.2025

தையல் பிரிப்பது வலிக்குமா என்று தம்பி கேட்டிருக்கிறான், நேற்றே போயிருக்க வேண்டியவன், பயந்துகொண்டு போகவில்லை போல. வலிக்காது. முடிச்சைச் சிமிட்டாவால் தூக்கிப் பிடித்து, ஒரு பக்கம் ஈறை ஒட்டி நறுக்கி, உருவி விடுவார்கள். புருவத்தில் ஒரு முடியைப் பிடுங்கின மாதிரி. மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. பட்டு நூலை நாள் தள்ளி வைத்திருந்தால்தான் தொந்தரவு. முறுக்கு நூல் திரி மாதிரி எச்சிலையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

நாளைக்கே போ.

02.02.2025

ஒரு வாரம் எட்டிப் பார்க்கவில்லை, அதற்குள் கேள்விகள் நிறைய. கிடைத்த வரிசையில் சொல்கிறேன்.

ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கிற ஈறில் ஒதுக்கி வைக்கலாமா என்று ஒருவர். கூடாது. அது விழுங்குகிற மாத்திரை, ஈறில் வைத்தால் அமிலம் பட்டுத் தோல் வெள்ளையாக வெந்து உரியும். என் மச்சினன் வைத்துப் பார்த்தவன். ரத்தமும் லேசில் கட்டாது. ஆனால் இருதயத்துக்காக டாக்டர் எழுதி அதே ஆஸ்பிரினைத் தினம் சாப்பிடுகிறவர்கள் பல் எடுக்கிறோமே என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. இரண்டு டாக்டரிடமும் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும்.

வெற்றிலை. பாட்டிக்குத் தையல் போட்டிருக்கிறது, வெற்றிலை இல்லாமல் இருக்க மாட்டாள் என்று சேரன்மகாதேவியிலிருந்து ஒருவர். பாக்குத் தூள் குழிக்குள் போய்க் கெடுக்கும், புகையிலை அதைவிட மோசம். உரலில் இடித்துக் கொடுத்தாலும் அதே கதைதான். என் ஆச்சிக்கு வெறும் வெற்றிலையைக் கையில் கொடுத்து வைத்திருந்தோம், மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொருவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு முந்தின நாள் பல் எடுத்து, மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதிக் கொடுத்து, மாட்டுப் பொங்கலன்று குடிக்கலாமா என்று மனசு அலைபாய்ந்திருக்கிறது. திருவள்ளுவர் தினத்துக்குக் கடை அடைப்பு, அதனால் தப்பித்தார். அந்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் குமட்டல், வாந்தி, நெஞ்சு படபடப்பு என்று ஆட்டிவிடும். மாத்திரை முடிந்தும் மூன்று நாள் பொறுக்கச் சொல்கிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆற நாளாகும். எனக்கு இருக்கிறது, அதனால் தெரியும்.

11.04.2025

இந்த இழையை யாரோ தோண்டி எடுத்திருக்கிறார்கள். பதநீர் குடிக்கலாமா என்பது கேள்வி. நல்ல கேள்வி, நம் ஊரில் மட்டும்தான் கேட்பார்கள்.

முதல் சில நாள் எதையும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. துப்புவதற்குச் சொன்ன அதே காரணம், வாய்க்குள் இழுப்பு விழும், கட்டி கழன்றுவிடும். பதநீரைப் பனையோலைப் பட்டையில் வாங்கி, வாயோரம் வைத்துச் சாய்த்தால் தானாக உள்ளே வரும், உறிஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இனிப்பு, குடித்ததும் வெறும் தண்ணீர் ஒரு வாய். நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம், மேல்தோலை மட்டும் உரித்துவிடுங்கள், அது சவ்வு மாதிரி ஒட்டும். ஒரே பனைதான், கிழங்கில் நாரை வைத்துத் தையலைப் பிரிக்கிறது, நுங்கில் மருந்தும் தருகிறது.

களக்காட்டுத் தம்பியின் குழி மூடிவிட்டதாம். பனங்கிழங்கைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். தை மாதம் பார்க்கலாம்.

14.06.2025

எனக்கு இடது பக்க ஞானப்பல்லும் இன்றைக்கு எடுத்தாயிற்று. அதே டாக்டரம்மா. நாற்காலியில் உட்காரும்போதே, "அண்ணாச்சி, இந்தத் தடவை கையை இடுப்புக்குக் கீழே வச்சுக்கிடணும்" என்றார். கரையும் நூல் போட்டிருக்கிறார், எடுக்க வர வேண்டாம் என்பதால் எனக்கு அதுதான் நல்லது என்றார். என்னை நம்பவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம்.

அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், தொழில் புத்தி. முழுசாகக் கரைய 56 முதல் 70 நாள் என்கிறார்கள். எழுபது நாளா என்று பதறினேன். அது உடம்புக்குள் புதைந்து கிடக்கும்போது உள்ள கணக்காம். வாயில் எச்சிலும் அசைவும் சேர்ந்து இரண்டு மூன்று வாரத்திலேயே இற்று விழுந்துவிடும் என்றார். இடையில் விழுந்தால் பயப்படக் கூடாது, விழத்தான் போட்டது. பட்டு நூலில் முடிச்சு நன்றாகப் பிடித்து நிற்கும், இது கொஞ்சம் வழுக்கும், அதனால் ஒரு சுற்று கூடப் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். ஊசியையும் பார்த்தேன். பிறை மாதிரி வளைந்தது, காது கிடையாது, நூல் ஊசியின் பின்பக்கத்திலேயே பதிந்து வருகிறது. ஊசி கோக்கிற வேலையே இல்லை. வெள்ளெழுத்துக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி!

உதடு இன்னும் மரத்துக் கிடக்கிறது. எதையோ கடிக்கிறேன், அது என் உதடா சோறா என்று தெரியவில்லை. சோற்றை வைத்துவிட்டேன். மறுநாளும் மரத்தே இருந்தால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்.

15.06.2025

மரப்பு நேற்று ராத்திரியே போய்விட்டது.

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது, போகலாமா என்று மச்சினன் கூப்பிடுகிறான். ஆஸ்பிரின் வைத்த அதே மச்சினன். அருவி தலையில் அறைகிற அறையில் தையல் என்ன, கட்டின பல்லே கழன்றுவிடும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றுவிட்டேன்.

19.06.2025

ஆறாம் நாள். நாக்கு போகிறது, நூல் இருக்கிறது, வால் நீளமாகத்தான் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். போட்டுப் பார்க்கிற கண்ணாடி மேல் வீட்டம்மா ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டிருக்கிறாள். வருகிற பெண்கள் எல்லாம் காரணம் கேட்கிறார்கள்.

29.06.2025

இன்று காலை உப்புநீர் விட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று வந்து பேசினில் விழுந்தது. எடுத்துக் கழுவிக் கடைக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் துணியில் வைத்து டேப் பிடித்தேன். முக்கால் அங்குலம் இருக்கும். ஊதா நிறம் வெளுத்து, விரலில் எடுத்தால் மாவு மாதிரி உதிரத் தயாராக இருந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நாலு சுற்று, ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஈரத்தில், இருட்டில், இரண்டு விரல் அகல வாய்க்குள் கையை விட்டுப் போட்ட முடிச்சு.

காஜா பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இத எதுல அடிச்சாங்க?" என்று கேட்டான்.